அதே இடத்தில் மீண்டும் நின்று...



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஓர் இடுபணி கொடுத்தேன். வீட்டில் இருக்கும் மிகப் பழைய நிழற்படம் ஒன்றைக் கொண்டு வர வேண்டும். அது எங்கே, எப்பொழுது எடுக்கப்பட்டது, படத்தில் இருப்பவர் யார் என்று மூன்று வரிகள் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

'யார்' என்ற வினாவுக்கு ஏறக்குறைய எல்லாரும் விடை எழுதியிருந்தனர். 'எப்பொழுது' என்பதற்குச் சிலர் எழுதியிருந்தனர். 'எங்கே' என்பதற்குப் பெரும்பாலோர் எழுதிய விடை ஒன்றே ஒன்றுதான்: "பழைய தோட்டத்தில்".

எந்தத் தோட்டம்? தோட்டத்தில் எந்தப் பக்கம்? யாருக்கும் தெரியவில்லை.

அவற்றுள் ஒரு படம் என்னை மிகவும் ஈர்த்தது. ஒரு மாணவியின் கொள்ளுப்பாட்டி சேலையணிந்து நிமிர்ந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு சிறு கோயில். கோயிலின் அருகே இடுப்பளவு வேலிக்குள் ஒரு மரக்கன்று. படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட நிலையில் பக்கச் சுவரில்லாத ஒரு கொட்டகை. எல்லாவற்றுக்கும் பின்னால் இரண்டு திமில்கள் கொண்ட ஒரு சுண்ணாம்புக் குன்று. படத்தின் பின்புறம் வெறுமை.

"ஐயா, கொள்ளுப்பாட்டி நின்ற இடத்தில் இப்போது நான் போய் நிற்க முடியுமா?" என்று அம்மாணவி கேட்டாள்.

குழந்தை விளையாட்டாகக் கேட்ட வினாவாகத் தோன்றலாம். ஆனால், இதே வினாவைக் கேட்டுக்கொண்டு பல ஆண்டுகள் மலையிலும் பாலைவனத்திலும் அலைந்த அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வரலாற்றை முதலில் பார்த்துவிட்டு, அம்மாணவிக்கு நான் சொன்ன விடைக்கு வருகிறேன்.

பனியை அளந்த கணித ஆசிரியர்

பழைய நிழற்படம் எடுக்கப்பட்ட அதே இடத்தைத் தேடிச் சென்று, அதே கோணத்தில் மீண்டும் படம் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை 'மறுநிழற்படம்' என்று நாம் அழைக்கலாம். அழகுக்காகத் தோன்றிய முறையன்று இது, அளப்பதற்காகத் தோன்றியது.

ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த கணித அறிஞர் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர், 1888, 1889-ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் திரோல் மலைப்பகுதியில் உள்ள ஃபெர்னாக்ட் பனியாற்றை நிழற்படங்களின் துணைகொண்டு அளந்தார். பனியாறு என்பது மலைச்சரிவில் மெல்ல மெல்ல நகரும் பனிக்கட்டிப் பெருக்கு. அதன் மேல் ஏறி ஒவ்வோர் இடமாக அளப்பது கடினம், ஆபத்தும்கூட. ஆனால், அசையாத பாறை ஒன்றில் படக்கருவியை நிறுத்திப் படம் எடுத்து, சில ஆண்டுகள் கழித்து அதே பாறையில் மீண்டும் நிறுத்தினால், பனி எவ்வளவு சுருங்கியது என்பதைப் படங்களே சொல்லிவிடும்.

இதில் உள்ள அடிப்படையைக் கவனியுங்கள். மாற்றத்தை அளக்க வேண்டுமானால் மாறாத ஒன்று வேண்டும். இங்கே மாறாமல் இருக்க வேண்டியது நாம் நிற்கும் இடம்.

ஓடாத இரயிலுக்காக எடுத்த படங்கள்

இத்துறையில் என் மனத்தைத் தொட்ட வரலாறு அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது. கொலராடோ ஆறு அறுத்த அப்பள்ளத்தாக்கு ஏறத்தாழ 446 கிலோமீட்டர் நீளமும் 1.6 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமும் கொண்டது. 1889-இல் ஃபிராங்க் பிரௌன் என்பவர் அந்த ஆற்றின் கரையோரமாகவே ஓர் இரயில் பாதை போட நினைத்தார். கொலராடோ மாநிலத்தின் நிலக்கரியைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு செல்வது அவருடைய திட்டம்.

பாதை போட முடியுமா என்று பார்க்க, 1889 மே மாதம் பிரௌனும் இராபர்ட் புரூஸ்டர் ஸ்டேன்டன் எனும் பொறியாளரும் ஒரு குழுவுடன் படகுகளில் புறப்பட்டனர். அந்தப் பொங்கும் ஆற்றில் மிதவைச் சட்டைகூட இல்லாமல் சென்றார்கள்! ஜூலை 10-ஆம் நாள் பிரௌனின் படகு கவிழ்ந்தது; அவர் ஆற்றோடு போனார். பீட்டர் ஹான்ஸ்பரோ என்ற உறுப்பினர், பிரௌன் மறைந்த செய்தியை எதிர்க்கரைப் பாறையில் செதுக்கி வைத்தார். ஐந்து நாள் கழித்து அதே ஹான்ஸ்பரோவும் ஹென்ரி ரிச்சர்ட்ஸ் என்பவரும் மூழ்கி இறந்தனர். ஸ்டேன்டன் பயணத்தை நிறுத்திவிட்டு மலையேறி வெளியே வந்தார்.

ஆனால், அவர் திட்டத்தைக் கைவிடவில்லை. 1889 டிசம்பரில் வலுவான புதுப் படகுகளோடும் மிதவைச் சட்டைகளோடும் மீண்டும் ஆற்றில் இறங்கினார். இம்முறை ஒரு முடிவு எடுக்கப்பட்டது. அளவைக் கருவிகளை வைத்து அடி அடியாக அளந்து செல்லக் காலமும் பணமும் போதா. ஆகவே ஆற்றின் நெடுகிலும் தொடர்ச்சியாக நிழற்படங்கள் எடுத்துக்கொண்டே செல்வது. பாதை போட முடியும் என்பதற்கு அவற்றையே சான்றாகக் காட்டுவது.

இதற்கென்றே ஃபிராங்ளின் நிம்ஸ் எனும் நிழற்படக் கலைஞர் உடன் வந்தார். 1890 புத்தாண்டு நாளில், படம் எடுக்க ஏறிய பாறையிலிருந்து அவர் தவறி விழுந்தார். கால் முறிந்தது. அவரைத் தூக்குப் படுக்கையில் கட்டி, செங்குத்தான பாறைச் சுவர் வழியே மேலே கொண்டு சென்றனர். இனி யார் படம் எடுப்பது? நிழற்படக் கலையில் பயிற்சியே இல்லாத பொறியாளர் ஸ்டேன்டன் படக்கருவியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். ஆறு திரும்பும் இடந்தோறும் கரையேறி, மேலாற்றைப் பார்த்து ஒன்று, கீழாற்றைப் பார்த்து ஒன்று எனப் படங்கள் எடுத்தார். 1890 ஏப்ரல் 26-ஆம் நாள் அப்பயணம் கலிபோர்னியா வளைகுடாவில் முடிந்தது.

இரயில் பாதை என்னவாயிற்று? முதலீடு செய்ய யாரும் முன்வரவில்லை. ஒரு தண்டவாளம்கூட இறங்கவில்லை. மூவர் உயிரைக் கொடுத்த அந்தத் திட்டத்தில் எஞ்சியவை நூற்றுக்கணக்கான நிழற்படங்கள் மட்டுமே.

நூறாண்டு கழித்து வந்தவர்

ஏறக்குறைய நூறாண்டு சென்றது. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த நீரியல் அறிஞர் இராபர்ட் வெப், ஸ்டேன்டன் எடுத்த படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு அதே ஆற்றில் இறங்கினார். தம் குழுவினரோடு பலமுறை பயணம் செய்து, 400-க்கும் மேற்பட்ட இடங்களைக் கண்டுபிடித்து மறுபடியும் படம் எடுத்தார். 1996-இல் அவருடைய ஆய்வு நூலாக வெளிவந்தது.

அவர் கண்டவை என்ன?

ஸ்டேன்டன் காலத்துப் படங்களில் ஆற்றங்கரை வெறும் மணலும் கல்லுமாக இருந்தது. ஆண்டுதோறும் பெருவெள்ளம் வந்து கரையில் முளைத்ததை எல்லாம் அடித்துச் சென்றதுதான் காரணம். புதிய படங்களில் அதே கரையில் புதரும் மரமும் அடர்ந்து நிற்கின்றன. 1963-இல் மேலாற்றில் கிளென் கேன்யன் அணை மூடப்பட்டது, வெள்ளம் நின்றது, கரை பச்சையாயிற்று. அப்பசுமையில் பெரும் பங்கு டாமரிஸ்க் எனும் மரத்துக்கு உரியது. அது வேறு கண்டத்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்தேறியது. பச்சையைக் கண்டதும் நல்ல மாற்றம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது, பாருங்கள்! இன்னொரு பக்கம், ஆறு கொண்டுவரும் வண்டல் அணையில் தேங்கிவிடுவதால் பழைய படங்களில் அகன்று கிடந்த மணல் திட்டுகள் பல இடங்களில் சுருங்கிப்போயின.

வியப்பூட்டும் செய்தி மற்றொன்று உண்டு. வெள்ளம் எட்டாத மேட்டுச் சரிவுகளில் ஸ்டேன்டன் படத்தில் தெரிந்த சில புதர்கள், நூறாண்டு கழித்தும் அதே இடத்தில் உயிரோடு நின்றன. அதே வகைச் செடி என்று சொல்லவில்லை; அதே செடி! எபீட்ரா போன்ற பாலைநிலச் செடிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் வாழக்கூடியவை என்பதற்கு இந்தப் படங்கள் நேரடிச் சான்றாயின.

ஸ்டேன்டன் அந்தச் செடிகளைப் படம் எடுக்கவில்லை. அவருடைய கண் தண்டவாளம் போடும் இடத்தின் மேல்தான் இருந்தது. செடி தற்செயலாகப் படத்துக்குள் வந்தது. அவர் காட்ட நினைத்த இரயில் பாதை உலகில் எங்கும் இல்லை. அவர் கவனிக்காத புதர் இன்று அறிவியலுக்குச் சான்றாக நிற்கிறது. ஒரு படத்தின் பயன் அதை எடுத்தவர் கையில் முடிந்துவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் உணர்த்தியதில்லை.

அதே இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இனி முறைக்கு வருவோம். மாணவர்களும் எளிதில் செய்யக்கூடியது இது.

ஒரு விரலை முகத்துக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். விரலுக்குப் பின்னால் சுவரில் உள்ள நாட்காட்டி மறைகிறது. தலையைச் சற்று நகர்த்துங்கள்; நாட்காட்டி வெளிப்படுகிறது. அருகில் உள்ள பொருளும் தொலைவில் உள்ள பொருளும் ஒன்றையொன்று எவ்வளவு மறைக்கின்றன என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே பழைய படத்தில் அருகில் உள்ள பாறை ஒன்றின் விளிம்பு, தொலைவில் உள்ள மலையின் எந்தப் பள்ளத்துக்கு நேராக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். களத்தில் அவை இரண்டும் அதேபோல நேராகும்வரை இடமும் வலமும் நகர வேண்டும். இப்படி இரண்டு இணைகள் பொருந்திவிட்டால் நிற்க வேண்டிய இடம் அகப்பட்டுவிடும். பிறகு நிழல் விழும் திசையைக் கொண்டு எந்த மாதம், எந்த மணி என்பதையும் ஓரளவு கணிக்கலாம்.

1977 முதல் 1979 வரை மார்க் கிளெட் என்பவரும் அவருடைய நண்பர்களும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இம்முறையில் பல பழைய படங்களை மீட்டெடுத்தனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் அரசாங்க நில ஆய்வுக் குழுக்களுடன் சென்ற திமொத்தி ஓ'சல்லிவன், வில்லியம் ஹென்ரி ஜாக்சன் போன்றோர் எடுத்த படங்கள் அவை. ஒரு பழைய படத்தின் இடத்தில் போய் நின்றபோது அவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. யூட்டா மாநிலத்தில் 1869-இல் ஓ'சல்லிவன் எடுத்த பாறைக் காட்சி ஒன்று, பாறைகள் விசித்திரமாக எழுந்து நிற்பதுபோல் தோன்றும். அதே காட்சியைப் படக்கருவிக்குள் பொருத்திப் பார்த்தால் தொலைவில் உள்ள அடிவானம் சரிந்து தெரிந்தது! ஓ'சல்லிவன் படக்கருவியைச் சாய்த்துப் பிடித்திருந்தார். நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சாய்வை யாரும் அறியவில்லை. அங்கே போய் நின்றவருக்குத்தான் அது தெரிந்தது.

நிழற்படம் பொய் சொல்லாது என்று நாம் நம்புகிறோம். அது பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் நம்மைத் தவறான பக்கம் அனுப்பிவிடும். இதை நானே பின்னர் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு புள்ளிகள் மட்டும் போதுமா?

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. அலாஸ்காவின் மியூர் பனியாற்றை 1941 ஆகஸ்டில் வில்லியம் ஃபீல்டு படம் எடுத்தார். அதே இடத்திலிருந்து 2004 ஆகஸ்டில் புரூஸ் மொல்னியா படம் எடுத்தார். முதற்படத்தில் பள்ளத்தாக்கை நிரப்பிக் கிடக்கும் பனி, இரண்டாவதில் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அங்கே நீல நீரும் பச்சை மரமும் இருக்கின்றன. பனியாற்றின் முகப்பு இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது. 800 மீட்டருக்கும் மேல் தடிமன் குறைந்திருந்தது. உலகம் வெப்பமாவதைக் காட்ட இந்த இணைப்படங்கள் பல நாடுகளில் பயன்பட்டுள்ளன.

பூமி வெப்பமடைவது உண்மை. ஆனால், இந்த இரு படங்களைக் காட்டும்போது நல்ல ஆசிரியர் ஒன்றையும் சேர்த்துச் சொல்வார். அப்பகுதியில் பனி பின்வாங்கத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே. 1794-இல் வான்கூவரின் குழுவினர் வந்தபோது இன்றைய விரிகுடாவின் பெரும்பகுதி பனிக்குள் மறைந்து கிடந்தது. கடலைத் தொடும் பனியாறுகளுக்குத் தமக்கே உரிய ஏற்ற இறக்கமும் உண்டு. இரண்டு படங்கள் 'மாறியது' என்பதைக் காட்டும். 'ஏன் மாறியது' என்பதை அவை மட்டும் காட்டமாட்டா. அதற்கு இடையிடையே எடுத்த படங்கள் வேண்டும், ஏடுகள் வேண்டும், கண்டவர் சொல்லும் வேண்டும்.

நம் மண்ணில்...

நம் மண்ணுக்கும் நிழற்படம் காலங்கடந்து வரவில்லை. சிங்கப்பூரில் ஜி.ஆர். லாம்பர்ட் தம் நிழற்பட நிலையத்தை 1867-இலேயே திறந்துவிட்டார். துறைமுகம், மாளிகை, ஈயச் சுரங்கம், தோட்டம் எனப் பல காட்சிகள் படமாயின. தோட்டப் படங்கள் எதற்காக எடுக்கப்பட்டன? இங்கே முதலீடு செய்த வெள்ளையர்களுக்குக் காட்ட. வரிசை வரிசையாகப் பால்மரம், புதிய ஆலை, துரையின் பங்களா ஆகியவைதாம் படத்தின் நடுவில் இருக்கும். நம்மவர்கள் அப்படங்களில் பெரும்பாலும் அளவுகோலாக நிற்பார்கள். மரம் எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்கு!

ஆனாலும், ஸ்டேன்டனின் புதரைப்போல, அப்படங்களின் ஓரங்களில் நம் வாழ்வு தற்செயலாகச் சிக்கிக்கிடக்கிறது. லயத்தின் கூரை, ஆயாக்கொட்டகை, பெரட்டுக் களம், முனியாண்டி கோயில். அந்த ஓரங்கள் நமக்குத் தேவை. ஏனெனில், நடுவில் இருந்தவற்றின் வரலாற்றை நிறுவனங்கள் எழுதி வைத்துவிட்டன. ஓரத்தில் இருந்தவற்றை நாம்தான் எழுத வேண்டும்.

1960-களிலிருந்து பால்மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. பின்னர் பல தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 1957-இல் மலாயாவில் 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-ஐ ஒட்டிய எண்ணிக்கையே உள்ளது. மூடப்பட்ட பள்ளிகள் எங்கே இருந்தன என்று கேட்டால் எத்தனை பேரால் கைநீட்டிக் காட்ட முடியும்?

எங்கள் பள்ளியும் தோட்டத்தில் பிறந்து தாமானுக்கு இடம்பெயர்ந்த பள்ளிதான். முதற்கட்டடத்தின் படம் எங்களிடம் இல்லை. பள்ளி ஏட்டில் தொடங்கிய ஆண்டு இருக்கிறது, இடம் இல்லை.

கொள்ளுப்பாட்டி நின்ற இடம்

இப்போது அந்த மாணவியின் வினாவுக்கு வருகிறேன்.

முதலில் அவளுடைய தாத்தாவிடம் படத்தைக் காட்டினோம். அவர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். படத்தில் இருப்பவர் தம் தாயார் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால், இடத்தைப் பற்றிக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

"இது எங்கள் தோட்டம் இல்லை, வாத்தியாரே. எங்கள் கோயிலுக்கு இந்தப் பக்கம் கொட்டகை எதுவும் கிடையாது. குன்றும் இப்படி இருக்காது. அம்மா வேறு எங்கோ போயிருந்தபோது எடுத்திருப்பார்கள்."

அவர் சொன்னது சரியாகவே தோன்றியது. படத்தில் உயரமான திமில் வலப்பக்கம் இருந்தது. பழைய தோட்டத்துப் பக்கமிருந்து பார்த்தால் அது இடப்பக்கம் தெரியும். குன்றின் மறுபக்கம் போய்ப் பார்த்தால் வலப்பக்கம் வரும். ஆனால் அங்கே ஈயக்குட்டைகள்தாம் இருந்தன, மக்கள் குடியிருந்ததில்லை. இருந்தாலும் இரண்டு சனிக்கிழமைகள் அந்தப் பக்கமே அலைந்தோம். கொசுக்கடியைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

விடையைக் கண்டுபிடித்தவர் மாணவியின் அம்மா. படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஐயா, எங்கள் பாட்டி முந்தானையை ஏன் வலத்தோளில் போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

சேலை முந்தானை இடத்தோளில்தானே விழும்! படம் இடவலமாக மாறி அச்சாகியிருந்தது. எப்போதோ பழைய படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தபோது, எதிர்ப்படச் சுருளைப் பின்பக்கமாக வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். முகம் மட்டுமே பார்ப்பவருக்கு அது தெரியாது. குடும்பமும் இத்தனை ஆண்டுகள் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறது.

கணினியில் படத்தைத் திருப்பி மீண்டும் தாத்தாவிடம் காட்டினோம். இம்முறை அவர் தலையாட்டவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு படத்தின் ஓரத்தில் இருந்த அந்தப் பாதிக் கொட்டகையின் மேல் விரலை வைத்தார்.

"பள்ளிக்கூடம்," என்றார்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றும் பள்ளியின் முதற்கட்டடம் அது. தூண்களின் மேல் ஒரு கூரை. உள்ளே ஒரு பலகையின் நுனி. படம் எடுத்தவர் அதைப் படம் எடுக்கவில்லை. சட்டத்துக்குள் முழுமையாக வரவிடவுமில்லை. ஆயினும் எங்கள் பள்ளி பிறந்த இடத்துக்கு எங்களிடம் உள்ள ஒரே சான்று அதுதான்.

மூன்றாவது சனிக்கிழமை சரியான பக்கம் போனோம். தாத்தாவும் உடன் வந்தார். லயங்கள் இல்லை. கோயில் தாமானின் ஓரத்துக்கு மாறிவிட்டது. ஆனால், படத்தில் வேலிக்குள் இருந்த அந்தக் கன்று நின்றது. மஞ்சள் துணி சுற்றிய பெரிய அரசமரமாக நின்றது! திருத்திய படத்தில் கன்று, குன்றின் இரு திமில்களுக்கு இடையிலுள்ள பள்ளத்துக்குச் சற்று வலப்புறமாக இருந்தது. மரமும் பள்ளமும் அதேபோல் பொருந்தும்வரை நானும் மாணவியும் செம்பனை மட்டைகளைத் தாண்டித் தாண்டி நகர்ந்தோம். கடைசியில் ஒரு கால்வாயின் விளிம்பில் வந்து நின்றோம். மரத்தையும் குன்றையும் மட்டும் கொண்டு கணித்த இடம்; சில அடிகள் முன்பின்னாக இருக்கலாம். அவ்வளவு தெரிந்தால் எங்களுக்குப் போதும்.

மாணவியைக் கொள்ளுப்பாட்டி நின்ற இடத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உயரமான திமிலின் ஒரு பக்கம் இப்போது இல்லை. கல்லுடைப்பு அதைத் தின்றிருக்கிறது. நேரில் பலநாள் அந்தக் குன்றைக் கடந்து சென்றிருக்கிறேன். குறைந்திருக்கிறது என்று ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை.

தாத்தா மட்டும் எங்களோடு வராமல், பள்ளிக்கூடம் இருந்த பக்கமாக நடந்துபோய் ஒரு செம்பனையின் அடியில் நின்றார். "இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்," என்றார். அவரையும் அங்கேயே நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

செய்ய வேண்டியவை

இப்பணியை நாங்கள் இவ்வாண்டும் தொடர்ந்தோம். அதே கால்வாய் விளிம்பு, அதே மாதம், காலை அதே மணி. ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போய்ப் படம் எடுத்துப் பள்ளி ஏட்டில் ஒட்ட வேண்டும் என்று தலைமையாசிரியரின் இசைவோடு முடிவு செய்திருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற பின்னும் இது நடக்க வேண்டும் என்பதால், நிற்க வேண்டிய இடத்தையும் பார்க்க வேண்டிய திசையையும் வரைபடமாக எழுதி வைத்திருக்கிறேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கக்கூடும். ஐந்து சிறு வேலைகளைச் செய்யுங்கள்.

1. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் இடம், ஆண்டு, ஆட்களின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். ஐயமிருந்தால் ஐயம் என்றே எழுதுங்கள்.

2. முகங்களைப் பார்த்த பிறகு ஓரங்களைப் பாருங்கள். மரம், கூரை, குன்று, கிணறு எதையும் விட்டுவிடாதீர்கள்.

3. படத்தை முழுமையாக மின்படியெடுங்கள். ஓரத்தை வெட்டி அழகுபடுத்த வேண்டா.

4. இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். முந்தானை, சட்டைப் பொத்தான், எழுத்துப் பலகை ஆகியவை காட்டிக்கொடுக்கும்.

5. இன்று எடுக்கும் படங்களுக்கும் இடக்குறிப்பு எழுதுங்கள். கைப்பேசி இருப்பிடத்தைப் பதிவு செய்யும் என்பது உண்மைதான். ஆனால், புலனத்தில் படமாக அனுப்பியவுடன் அக்குறிப்பு நீங்கிவிடும். பென்சில் குறிப்பு நீங்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். குன்றையும் மரத்தையும் கொண்டு நிற்குமிடத்தைக் கணிதம் கண்டுபிடித்துத் தரும். "பள்ளிக்கூடம்" என்று சொல்ல ஒரு தாத்தா வேண்டும்.

எங்கள் மாணவி தன் இடுபணியை இப்போது திருத்தி எழுதியிருக்கிறாள். 'எங்கே' என்ற வினாவுக்கு அவள் எழுதிய விடை: "அரசமரத்திலிருந்து என் காலடியில் நாற்பத்திரண்டு அடி தெற்கே. பள்ளிக்கூடத்துக்கு எதிரில்."

முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.